வெரைட்டி ஹால் கட்டிய சாமிக்கண்ணு

நீங்க கோயம்புத்தூரில் படிக்கிறீங்கன்னா டவுன்ஹால் பக்கம் ஒரு தடவையாவது போயிருப்பீங்க. பஸ்ஸை விட்டு இறங்கி, கூட்டத்தில் இடிபட்டு நடக்கும்போது வெரைட்டி ஹால் ரோடு என்ற போர்டு கண்ணில் பட்டிருக்கும். அந்தப் பேரில் ஒரு போலீஸ் ஸ்டேஷன்கூட இருக்கு. அது எந்த ஹால், அதில் என்ன வெரைட்டி என்று நீங்க யோசிச்சிருக்க மாட்டீங்க. நானும் மூணு வருஷம் யோசிக்கவில்லை.

போன செமஸ்டரில் எங்க தமிழ் மன்றம் ஒரு பட்டிமன்றம் வச்சது. வீடியோ கேம் இளைஞர்களைக் கெடுக்கிறதா இல்லையா என்பது தலைப்பு. நான் கெடுக்கவில்லை அணி. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஸ்குவாடு போட்டு ஆடுகிறவன் வேற எந்த அணியில் இருக்க முடியும்? புதுசா எது வந்தாலும் பெரியவங்க திட்டத்தான் செய்வாங்க, சினிமாவையும் அப்படித்தான் திட்டினாங்க என்று ஒரு பாயின்ட் வேணும்னு தேடிக்கிட்டிருந்தப்பதான் இந்த மனுஷன் கிடைச்சார். சாமிக்கண்ணு வின்சென்ட். அந்த ஹாலைக் கட்டியவர். ஒரு பாயின்ட்டுக்காகப் படிக்க ஆரம்பிச்சேன். கடைசியில் என் அணிக்கே அவர் கொஞ்சம் இடைஞ்சலாப் போயிட்டார். அந்தக் கதையைத்தான் இப்ப சொல்லப்போறேன்.

1883-ல் கோயம்புத்தூரில் பிறந்தார். கிறித்தவர். அவர் பிறந்தப்ப இந்த ஊரில் ஒரு பஞ்சாலைகூடக் கிடையாது. ஸ்டேன்ஸ் மில் வந்ததே அதற்கு ஐந்து வருஷம் கழிச்சுத்தான். சினிமா என்ற சமாச்சாரமே உலகத்தில் இல்லை. பாரிஸில் லூமியே சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டியது 1895 டிசம்பரில். அடுத்த வருஷம் ஜூலையில் அது பம்பாய்க்கு வந்துவிட்டது. அப்போது சாமிக்கண்ணுவுக்கு வயசு 13. நம்ம வீட்டில் அப்பாக்கள் சின்னப் பசங்களாக இருந்தப்ப வீடியோ கேம் கடை வந்த மாதிரி வச்சுக்கோங்க.

படிச்சு முடிச்சு திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தார். வரைபடம் போடும் வேலை. ட்ராயிங் ஷீட்டைச் சுருட்டிக்கொண்டு கையெழுத்துக்காக வரிசையில் நிற்கிற முதல் வருஷத் தம்பிகளே, அவர் உங்க ஆள்.

1905-ல் டுபான் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு புரொஜெக்டரையும் கொஞ்சம் படச்சுருள்களையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்தார். வந்த இடத்தில் உடம்புக்கு முடியாமல் போய்விட்டது. எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஊருக்குப் போனால் போதும் என்ற நிலைமை. சாமிக்கண்ணு அதை வாங்கினார். விலை 2,000 ரூபாய்க்கு மேல். ரயில்வேயில் மாதச் சம்பளம் வாங்குகிற ஒருத்தருக்கு அது பல வருஷத்துச் சம்பளம். அவருக்கு வயசு 22. உங்க வயசு.

நல்லா யோசிச்சுப் பாருங்க. அரசாங்க வேலை மாதிரியான ரயில்வே வேலை. அதை விட்டுட்டு, நாளைக்கு நிலைக்குமா நிலைக்காதா என்றே தெரியாத ஒரு மெஷினில் முழுக் காசையும் போடுவது. இன்னைக்கு ஒருத்தன் ஐ.டி. ஆஃபரைத் தூக்கிப் போட்டுவிட்டு கேம் ஸ்டூடியோ ஆரம்பிக்கப் போறேன்னு வீட்டில் சொன்னா என்ன நடக்குமோ அதுதான் அன்றைக்கும் நடந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

அந்த மெஷினோடு அவர் கிளம்பினார். டென்ட் போடுவது, படம் காட்டுவது, டென்ட்டைப் பிரித்து அடுத்த ஊருக்குப் போவது. இதுதான் தொழில். தென்னிந்தியாவில் டூரிங் சினிமா என்ற ஒன்று இப்படித்தான் தொடங்கியது. தமிழ்நாட்டு ஊர்களில் சுற்றினார், பிறகு வடக்கே லாகூர், பெஷாவர் வரைக்கும் போனார். பர்மா, மலேயா பக்கமும் போனதாகச் சொல்வார்கள். 1909-ல் சென்னைக்கு வந்து எஸ்பிளனேடில் டென்ட் அடித்தார். எடிசன் கிராண்ட் சினிமாமெகாபோன் என்று கம்பெனிக்குப் பேர். படத்தோடு கிராமபோனையும் ஓடவிட்டதால் அந்த மெகாபோன். பேர் வைப்பதில் அவர் நம்ம காலத்து ஸ்டார்ட்அப் ஆட்களுக்குச் சளைத்தவர் இல்லை.

அந்த டென்ட் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் கற்பனை பண்ணுங்க. பெரும்பாலான ஊர்களில் மின்சாரம் கிடையாது. அந்தக் காலத்து டூரிங் காட்சிக்காரர்கள் வாயுவை எரித்து, அந்தச் சுடரில் சுண்ணாம்புக் கட்டியைப் பழுக்கக் காய்ச்சி, அதிலிருந்து வருகிற வெளிச்சத்தை லென்ஸுக்குள் விடுவார்கள். படச்சுருளோ நைட்ரேட் பிலிம். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாத பொருள். எரிகிற விளக்கும் எரியக் காத்திருக்கிற பிலிமும் ஒரு சாண் இடைவெளியில். அதைச் சுற்றித் துணிக் கூடாரம், தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்த ஜனங்கள். 1897-ல் பாரிஸில் ஒரு தர்மக் கண்காட்சியில் புரொஜெக்டர் விளக்கிலிருந்து தீப்பிடித்து 120 பேருக்கு மேல் செத்துப்போயிருந்தார்கள். சாமிக்கண்ணு தொழிலுக்கு வருவதற்கு எட்டு வருஷம் முன்னாடி நடந்த விபத்து அது.

அப்ப அவருடைய டென்ட்டை யார் பரிசோதித்தார்கள்? சினிமாவுக்கென்று ஒரு சட்டமும் அப்ப இல்லை. 1905-லிருந்து பதிமூணு வருஷம், படம் காட்டுகிறவர் எதைக் காட்டலாம், எத்தனை பேரை உள்ளே விடலாம், விளக்கை எங்கே வைக்கலாம் என்பதையெல்லாம் பெரும்பாலும் அவரே முடிவு செய்ய வேண்டிய காலம். இந்த இடத்தில்தான் நான் முதல் தடவையாக நின்றேன். ஏன்னா இன்றைக்கு நீங்க போனில் இறக்குகிற ஒரு கேமுக்கு வயசு வரம்பு போடுவது யார்? ஸ்டோரில் தெரிகிற 12+, 16+ எல்லாம் கேமை உருவாக்கியவர் ஒரு கேள்வித்தாளுக்குச் சொல்லும் பதிலை வைத்து வருவது. சினிமாவுக்கு இருப்பது மாதிரி ஒரு தணிக்கை வாரியம் இந்தியாவில் கேமுக்குக் கிடையாது. அதாவது நாமும் கிட்டத்தட்ட சாமிக்கண்ணுவின் அந்தப் பதிமூணு வருஷத்தில்தான் இருக்கோம்.

அவர் காட்டியது என்ன? பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்த சின்னச் சின்னத் துண்டுகள். இயேசுவின் வாழ்க்கையைக் காட்டும் படம் அவருடைய பெட்டியில் முக்கியமான சரக்கு. ஊமைப் படம்தானே, அந்தக் காலத்து டென்ட்டுகளில் திரைக்குப் பக்கத்தில் ஒருத்தர் நின்று கதை சொல்லுவார். இப்ப கேம் ஸ்ட்ரீமில் ஒருத்தர் கத்திக்கொண்டே கமென்ட்ரி கொடுக்கிறாரே, அவருக்கு அவர் பெரியப்பா முறை.

ஆயிரம் அடிச் சுருள் ஒன்று ஓட ஏறக்குறைய கால் மணி நேரம். கையால் சுற்ற வேண்டும். சுற்றுகிறவருக்குக் கை வலிக்கும். சுருள் மாற்றணும், விளக்கு சூடாகும், ஆற விடணும். எல்லாம் முடிந்ததும் வெளிச்சம் வரும், ஜனங்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்து வீட்டுக்குப் போவார்கள். கொஞ்ச நாளில் அந்த ஊரில் எல்லாரும் பார்த்துவிட்டிருப்பார்கள். டென்ட்டை மடித்து வண்டியில் ஏற்றிவிடலாம். இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

1914-ல் அவர் சுற்றுவதை நிறுத்திவிட்டுச் சொந்த ஊருக்கு வந்து வெரைட்டி ஹாலைக் கட்டினார். தென்னிந்தியாவின் முதல் நிரந்தரத் திரையரங்கு என்று அதைத்தான் சொல்கிறார்கள். மின்சாரத்துக்கு அவரே இன்ஜின் வைத்தார். பைக்காரா நீர்மின்சாரம் கோயம்புத்தூருக்கு வந்தது 1930-களில். அதற்குப் பல வருஷம் முன்னாடி அவருடைய ஹாலிலும் அந்த ரோட்டிலும் பல்பு எரிந்தது. பல்பைப் பார்க்கவே ஜனங்கள் வந்திருப்பார்கள். அதே மின்சாரத்தை வைத்து அரிசி ஆலை, அச்சகம் என்று பக்கத்துத் தொழில்களையும் நடத்தினார். பாத்தே கம்பெனி புரொஜெக்டர்களை மற்றவர்களுக்கு விற்கவும் செய்தார். அதை வாங்கினவங்க அடுத்தடுத்து அவங்க ஊர்ல டென்ட் போட்டாங்க. தனக்குப் போட்டியாளர்களைத் தானே தயார் பண்ணின முதலாளியை நான் வேற எங்கேயும் பார்த்ததில்லை.

இவ்வளவும் எல்லாரும் எழுதுகிற கதை. பெருமையான கதை. எனக்குச் சிக்கியது வேற ஒண்ணு.

டென்ட் வேற, ஹால் வேற. டென்ட்டுக்கு ஊர் மாறும், படம் மாற வேண்டியதில்லை. நாமக்கல்லில் காட்டினதையே கரூரில் காட்டலாம். பார்க்கிறவங்க புது ஆட்கள். ஹால் அப்படியில்லை. கட்டடம் நகராது. அதே ஊர் ஜனங்கள் அடுத்த வாரமும் வரணும், அதுக்கடுத்த வாரமும் வரணும். இல்லாட்டி இன்ஜினுக்கு எண்ணெய்க் காசுகூட நிற்காது. அதாவது 1905-ல் அவருடைய கேள்வி புது ஆளை எப்படி உள்ளே கொண்டுவருவது என்பது. 1914-க்கு அப்புறம் கேள்வி, வந்த ஆளை எப்படித் திரும்ப வரவைப்பது என்பது. நம்ம ஆப் டெவலப்மென்ட் எலெக்டிவில் முதல் வகுப்பிலேயே ஒரு கிராஃப் போட்டுக் காட்டுவாங்களே, ஏழாவது நாள் எத்தனை பேர் திரும்ப வந்தாங்க, முப்பதாவது நாள் எத்தனை பேர் என்று, அந்தக் கிராஃபோட முதல் புள்ளி நம்ம ஊரில் வெரைட்டி ஹாலில்தான் விழுந்தது.

சரி, அன்றைக்கு அவரையும் அவர் தொழிலையும் எதுக்காகத் திட்டினார்கள்? இங்கேதான் பட்டிமன்றத்துக்கு எனக்கு வேண்டிய சரக்கு இருந்தது.

1918-ல் வெள்ளைக்காரன் சினிமாட்டோகிராப் சட்டம் கொண்டுவந்தான். ரெண்டு வேலை செய்தது அந்தச் சட்டம். படம் காட்டுகிற இடத்துக்கு லைசென்ஸ் வேணும், அது முழுக்கத் தீ விபத்துக்குப் பயந்து. காட்டுகிற படத்துக்குச் சான்றிதழ் வேணும். 1920-ல் சென்னையிலும் தணிக்கை வாரியம் வந்தது. தலைவர் யார் தெரியுமா? போலீஸ் கமிஷனர். ஜனங்களோட ஒழுக்கத்தைக் காப்பாற்றுவதாகப் பேச்சு. ஆனால் அவர்களுடைய பெரிய கவலை வேற. மேல்நாட்டுப் படங்களில் வெள்ளைக்காரப் பெண்கள் நடந்துகொள்வதைப் பார்த்து இந்தியர்களுக்கு ஆட்சியாளர்கள் மேல் இருக்கிற மரியாதை குறைந்துவிடுமோ என்று ஒரு பயம். காங்கிரஸ் வாடை வந்துவிடுமோ என்று இன்னொன்று. 1921-ல் பக்த விதுரர் என்ற புராணப் படத்தைச் சென்னை மாகாணத்தில் தடை பண்ணினார்கள். விதுரர் பார்க்கக் காந்தி மாதிரி இருந்தார், அதுதான் குற்றம்!

காந்தியே சினிமாவுக்கு எதிரி என்பது இன்னொரு வேடிக்கை. 1927-ல் அரசாங்கம் ஒரு விசாரணைக் குழு போட்டது. தலைவர் சென்னை வக்கீல் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். நாடு முழுக்கக் கேள்வித்தாள் அனுப்பி, நூற்றுக்கணக்கான சாட்சிகளை விசாரித்தார்கள். காந்திக்கும் கேள்வித்தாள் போச்சு. சினிமாவே பார்க்காதவன் நான், ஆனாலும் அது செய்கிற கேடு கண்கூடு என்கிற ரீதியில் பதில் எழுதி ஒதுங்கிவிட்டார். நம்ம வீட்டில் கேமையே ஆடிப் பார்க்காமல் போனைப் பிடுங்குகிற பெரியவங்க ஞாபகம் வந்தது, தப்பா எடுத்துக்காதீங்க. குழந்தைகள் கெட்டுப்போகிறார்கள், படம் பார்த்துத்தான் குற்றம் பெருகுகிறது என்றெல்லாம் புகார் சொன்னவர்கள் இருந்தார்கள். 1928-ல் வந்த அறிக்கை, அந்தப் புகாருக்குச் சாட்சியங்களில் ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது.

பார்த்தீங்களா, அச்சு அசல் நம்ம கதை. 1993-ல் அமெரிக்க செனட்டில் மார்ட்டல் காம்பாட் விளையாட்டை வைத்து விசாரணை நடத்தினார்கள். அடுத்த வருஷமே அங்கே வயசு வாரியாகத் தரம் போடும் அமைப்பு வந்தது. கேம் ஆடித்தான் ஒருவன் நிஜத்தில் வன்முறை செய்கிறான் என்று சொல்லப் போதுமான சான்று இல்லை என்று 2020-ல் அமெரிக்க உளவியல் சங்கம் சொன்னது. அதே 2020 செப்டம்பரில் இங்கே பப்ஜி மொபைல் தடையானது. காரணம் ஒழுக்கம் இல்லை, சீன ஆப்களோடு சேர்ந்து தேசப் பாதுகாப்பு. பிறகு இந்தியாவுக்கென்று ஒரு பதிப்பு வந்தது, ரத்தத்தின் நிறத்தை மாத்தினாங்க. விதுரரின் குல்லாயை மாத்தச் சொன்ன மாதிரிதான் எனக்குத் தோணுச்சு.

இந்த வரைக்கும் எழுதிவச்சு, ஜெயிச்சாச்சுன்னு நினைச்சேன். பேச்சை ரூம்மேட்கிட்ட வாசிச்சுக் காட்டினேன். அவன் சிவில். எல்லாம் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டான். சாமிக்கண்ணு டென்ட்டில் படம் முடிஞ்சா லைட் போடுவாங்கல்ல, உன் கேமில் யாரு லைட் போடுவாங்க என்றான்.

பதில் இல்லை. அதுக்கு ஒரு காரணம் இருக்கு, வெளியே சொன்னதில்லை.

ரெண்டாவது வருஷம் படிக்கிறப்ப எங்க அப்பிச்சி தவறிட்டாங்க. பெருந்துறைப் பக்கம் ஊர். எழவு வீடு, வாசலில் பந்தல், சொந்தக்காரங்க விடிய விடிய உட்கார்ந்திருக்காங்க. அம்முச்சி பக்கத்தில் நான். மணி 11.50. நான் அப்ப ஆடிக்கிட்டிருந்த ஒரு கேமில் தினமும் உள்ளே போனால் ஒரு பரிசு, தொடர்ந்து 60 நாள் போனால் பெரிய பரிசு. அன்னைக்கு 54-வது நாள். எழுந்து மாட்டுக் கட்டுத்தரைக்குப் பின்னாடி போய் போனைத் திறந்து அந்தப் பெட்டியைத் தட்டிட்டு வந்தேன். ரெண்டு நிமிஷம்தான். யாரும் பார்க்கவில்லை. ஆனால் அம்முச்சி எங்க சாமி போனே என்று கேட்டாங்க, தண்ணி குடிக்கப் போனேன்னு சொன்னேன்.

அந்தக் கேமில் ரத்தம் கிடையாது, துப்பாக்கி கிடையாது. எந்தத் தணிக்கை வாரியமும் அதில் ஒரு பிரேமை வெட்டியிருக்காது. என்னைக் கட்டுத்தரைக்குப் பின்னாடி அனுப்பியது திரையில் தெரிந்த படம் இல்லை. ஒரு நாள் விட்டால் 54-ம் பூஜ்யம் ஆகும் என்று யாரோ ஒரு டிசைனர் எழுதிய ஒரு வரி நிபந்தனை.

அதுக்கப்புறம் சாமிக்கண்ணு கதையைத் திரும்ப முதலிலிருந்து படிச்சேன். 1918 சட்டத்தில் ரெண்டு பாதி இருந்ததுன்னு சொன்னேன்ல. படத்தைப் பற்றிய பாதிதான் வரலாறு முழுக்கச் சத்தம் போட்டது, காந்தி குல்லாய் முதற்கொண்டு. இடத்தைப் பற்றிய பாதி, அதாவது விளக்கு எங்கே இருக்கணும், வழி எத்தனை இருக்கணும் என்கிற பாதி, சத்தமே இல்லாமல் உயிர்களைக் காப்பாற்றியது. கேம் விஷயத்திலும் நாம முதல் பாதியைப் பற்றியே சண்டை போட்டுக்கிட்டிருக்கோம். வெளியே போகிற வழி எங்கே இருக்கு என்று அபூர்வமாகத்தான் கேட்கிறோம்.

கேட்ட இடங்களும் உண்டு, அதையும் சொல்லணும். பணம் கட்டி, உள்ளே என்ன இருக்குன்னு தெரியாமலே திறக்கிற அதிர்ஷ்டப் பெட்டிகளை 2018-ல் பெல்ஜியம் சூதாட்டம் என்று சொல்லி நிறுத்தியது. சீனா 2021-ல் சிறுவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு இரவு 8 முதல் 9 வரை மட்டும் என்று கட்டிப்போட்டது, அது எனக்கு அதிகம்னு படுது. தமிழ்நாட்டில் ஆன்லைன் ரம்மியில் காசை விட்டுத் தற்கொலை செய்துகொண்டவர்கள் பற்றிய செய்திகளுக்குப் பிறகு, 2022-ல் நீதிபதி சந்துரு குழு அமைந்தது, சட்டம் வந்தது, ஆளுநர் திருப்பி அனுப்பினார், மறுபடி நிறைவேற்றி 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ரம்மி, போக்கர் திறமை ஆட்டம்தான் என்று உயர் நீதிமன்றம் அதில் ஒரு பகுதியை நீக்கியது. 2025 தொடக்கத்தில் வந்த விதியில் எனக்குப் பிடித்தது ஒண்ணு உண்டு. பணம் வைத்து ஆடும் ஆட்டங்களில் நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5 மணி வரை யாரும் உள்ளே போகக் கூடாது. கம்பெனிகள் எதிர்த்தன, சென்னை உயர் நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்றது. அந்த ஆகஸ்டிலேயே நாடாளுமன்றம் பண ஆட்டங்களை மொத்தமாகத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றிவிட்டது. அந்த ஐந்து மணி நேரம்தான் டென்ட்டில் போடுகிற லைட்டுக்கு நான் பார்த்தவரை மிக நெருக்கமான ஒன்று. ஆனால் என்னை எழுப்பிவிட்ட கேமில் காசே கிடையாது. அதுக்கு இந்தச் சட்டம் எதுவும் பொருந்தாது.

சாமிக்கண்ணு நல்லவர், இன்றைய கேம் கம்பெனிக்காரன் கெட்டவன் என்று நான் சொல்ல வரவில்லை. தயவுசெய்து அப்படிப் படிக்காதீங்க. ராத்திரி முழுக்க ஓடுகிற படமும், ஆளைத் தனித்தனியாக அடையாளம் கண்டு அவனவனுக்குத் தகுந்த பரிசை நீட்டுகிற திரையும் அவர் கையில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பார்? வியாபாரி அவர். கெட்டிக்கார வியாபாரி. செய்திருக்கவும் கூடும். தரை டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவன் நேத்தும் வந்தானா, வீட்டில் அரிசிக்குக் காசு வச்சுட்டு வந்தானா என்பது அவருக்குத் தெரிய வழியே இல்லை. நமக்கு எல்லாம் தெரியும். எந்த நிமிஷத்தில் ஒருத்தன் சலிச்சுப்போய் வெளியே போகப் பார்க்கிறான் என்பதுவரை சர்வரில் பதிவாகும். அவருடைய கை வலியும், தீர்ந்துபோகிற சுருளும், சூடாகிற விளக்கும் சேர்ந்து ஜனங்களை வீட்டுக்கு அனுப்பின. அந்தக் குறைகளையெல்லாம் ஒண்ணொண்ணாகச் சரிசெய்தது நம்ம ஆட்கள், இன்ஜினியர்கள். இந்தப் பத்திரிகையைப் படிக்கிற உங்களில் பத்துப் பேராவது நாளைக்கு அந்த வேலைக்குத்தான் போவீங்க.

அவருடைய மீதிக் கதையை வேகமாகச் சொல்லிடறேன். பேசும் படம் வந்தது. ஹாலுக்கு ஓயாமல் படம் வேணுமே, வெளியிலிருந்து வாங்குவதை விட நாமே எடுத்தால் என்ன என்று இறங்கினார். 1933-ல் கல்கத்தாவின் பயனியர் கம்பெனியோடு சேர்ந்து வள்ளி திருமணம். டி.பி. ராஜலட்சுமி நடித்தது. நன்றாக ஓடியது. படம் எடுக்கிறதுக்காகக் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் ஓடின காலம் அது. 1930-களின் நடுவில் கோயம்புத்தூரிலேயே சென்ட்ரல் ஸ்டூடியோ உருவானபோது தொடங்கியவர்களில் இவரும் ஒருவர். பின்னாளில் எம்.ஜி.ஆர். கதாநாயகனாக ஆன ராஜகுமாரி அங்கேதான் எடுக்கப்பட்டது. அதைப் பார்க்க இவர் இல்லை. 1942-ல், 59 வயதில் இறந்துவிட்டார்.

ட்ராயிங் போட்டுக்கொண்டிருந்த ஒருத்தர் 37 வருஷத்தில் காட்டுகிறவராகி, கட்டுகிறவராகி, மெஷின் விற்கிறவராகி, கடைசியில் எடுக்கிறவராகவும் ஆனார். ஒவ்வொரு படியிலும் அவரை மேலே தள்ளியது ஒரே தேவை. ஹாலில் நாற்காலி காலியாக இருக்கக் கூடாது. இதில் குற்றம் கண்டுபிடிக்க எனக்கு மனசு வரவில்லை. அந்த நாற்காலிகளில்தான் எங்க தாத்தா தலைமுறை முதல் தடவையாக, சாதி பார்க்காமல் காசை மட்டும் பார்த்துக் கொடுக்கப்பட்ட டிக்கெட்டில் உட்கார்ந்தது. அதுவும் அந்த வியாபாரம் கொடுத்ததுதான்.

பட்டிமன்றம் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. என் பேச்சில் முதல் பாதியைப் பேசினேன், கைதட்டல் வந்தது. ரெண்டாம் பாதியையும் பேசினேன். எங்க அணித் தலைவர் முறைச்சார். நடுவர் தீர்ப்பு எதிரணிக்குப் போச்சு. என்னாலதான் தோத்தோம்னு ஒரு வாரம் யாரும் டீ வாங்கித் தரலை.

அதுக்கப்புறம் ஒரு சனிக்கிழமை டவுன்ஹாலுக்குப் போனேன். வெரைட்டி ஹால் பின்னாளில் டிலைட் தியேட்டர் என்று பேர் மாறி ரொம்ப வருஷம் ஓடியது. இப்ப கட்டடம் இல்லை, இடிச்சிட்டாங்க. வண்டி நிறுத்த இடமில்லாமல் ஆட்டோக்காரர் ஒருத்தர் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தார். ரோட்டுக்குப் பேர் மட்டும் அப்படியே இருக்கு.